ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபியா: கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எதை வாங்குவது?

கேள்வி: ஈரோடு_எடிட்டர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஈரோட்டில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். என் கணினியில் ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை, 4 ஜிபி மெமரி கொண்ட ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு) ஆகியவை உள்ளன. டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைனில் வேலை செய்கிறேன். மணமக்கள் பெயர் வரும் டைட்டில் அனிமேஷனை மட்டும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொள்கிறேன். விடுமுறை நாள்களில் என் மகன் இதே கணினியில் கேம் விளையாடுவான். மானிட்டர் 1080பி.

முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில் வருகிறது. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, போதாததற்கு ஹோமப் புகை வேறு. ஆகவே கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு டைம்லைனில் பெரிதாக்கிப் பார்த்தால், தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில் மணப்பெண்ணின் கூரைப்புடவைச் சரிகையும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் புள்ளி புள்ளியாக நெளிகின்றன. அதற்கு, முன்பின் சட்டகங்களோடு (ஃப்ரேம்களோடு) ஒப்பிட்டுப் புள்ளிகளை நீக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால், ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்ற செய்தியுடன் ரெண்டர் நின்றுவிடுகிறது. சென்ற மாதம் இரவு இரண்டு மணிக்கு ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது 11 நிமிடம் முடிந்த இடத்திலேயே அது நின்றுபோயிருந்தது. அன்று மாலை கொடுத்தாக வேண்டிய வேலை அது.

எனவே புதிய கார்டு வாங்க முடிவு செய்துள்ளேன். நான் கேட்ட கடையில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டுமே புதியதாக, ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. புதிய தலைமுறை என்பதால் 4060 வாங்குவதே சரி என்று கடைக்காரர் சொல்கிறார். இணையத்தில் பார்த்த ஒப்பீடுகளிலும் 4060-இன் பட்டைதான் நீளமாக இருக்கிறது. ஆனால் விவரக்குறிப்பைப் பார்த்தால் 3060-இல் 3584 கூடா கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்), 4060-இல் 3072 மட்டுமே. மெமரியும் பழையதில்தான் அதிகம், மெமரி பேண்ட்விட்த்தும் (தரவு நகரும் வேகம்) பழையதில்தான் அதிகம். எல்லாம் குறைவாக இருக்கும் கார்டு எப்படி அதிக வேகம் தருகிறது? அந்த வேகம் என் வேலைக்கும் பொருந்துமா? காரணத்தோடு விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: பிக்சல்_கணக்கு

வணக்கம் நண்பரே. உங்கள் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு நான் பதில் சொல்கிறேன். ரிசால்வ் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கோர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு தலைமுறைக் கார்டுகளை ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு கோரும் ஒரு நொடியில் எத்தனை முறை வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த 3060, சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் தயாரானது. அதன் பூஸ்ட் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸ். 2023 ஜூனில் வந்த 4060, டிஎஸ்எம்சியின் 4என் முறையில் தயாரானது. அதன் பூஸ்ட் வேகம் 2.46 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோர் ஒரு சுற்றில் இரண்டு கணக்குகளைச் செய்கிறது என்பதால், கோர்களின் எண்ணிக்கையை இரண்டாலும் பிறகு இந்த வேகத்தாலும் பெருக்கினால், 3060-க்கு சுமார் 12.7 டெராஃப்ளாப்ஸும் (நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள் ஒரு டெராஃப்ளாப்ஸ்) 4060-க்கு சுமார் 15.1 டெராஃப்ளாப்ஸும் வருகின்றன. கோர் குறைந்தாலும் கணக்கிடும் திறன் கூடியிருப்பதற்கு இதுதான் காரணம்.

பேண்ட்விட்த் விஷயத்தில் நீங்கள் கவனித்தது சரியே. 3060-இன் மெமரிப் பாதை 192 பிட் அகலம் கொண்டது. நொடிக்கு 360 ஜிபி தரவை நகர்த்தும். 4060-இன் பாதை 128 பிட். நொடிக்கு 272 ஜிபி. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 4060-இன் சிப்புக்குள்ளேயே 24 எம்பி எல்2 கேஷ் என்ற வேகமான சிறு மெமரியை வைத்திருக்கிறார்கள். 3060-இல் அது 3 எம்பி மட்டுமே. சமையலறையில் கைக்கு எட்டும் அஞ்சறைப் பெட்டி பெரிதாக இருந்தால், ஒவ்வொரு தாளிப்புக்கும் சரக்கு அறைக்கு நடக்க வேண்டியதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் சமைக்கும் அளவு கூடக் கூட, அந்தப் பெட்டியில் இருப்பது போதாமல் போகும். அதனால்தான் 1080பியில் தெரியும் 4060-இன் முன்னிலை, ரெசல்யூஷன் உயரும்போது சுருங்குகிறது.

கேம்களில் 1080பி அளவில், மெமரி நிரம்பாத நிலையில், 4060 சராசரியாக 15 முதல் 20 விழுக்காடு வேகமானது. ஒரு சட்டகத்தை வரைய 3060-க்கு 16.7 மில்லிநொடி ஆகிறது, அதாவது நொடிக்கு 60 சட்டகம் என்று வைத்துக்கொண்டால், அதே இடத்தில் 4060 சுமார் 70 தரும். மகிழ்ச்சியான வித்தியாசம்தான், ஆனால் ஒரு தலைமுறை இடைவெளிக்கு இது பெரிய பாய்ச்சல் அன்று.

நீங்கள் பார்த்த ஒப்பீடுகளில் பட்டை இரண்டு மடங்கு நீளமாக இருந்தால், அது என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 என்ற தொழில்நுட்பத்தின் ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்து வரைந்ததாக இருக்கலாம். அந்த வசதி 40 வரிசையிலிருந்துதான் உண்டு, 3060-இல் இல்லை. கேம் வரைந்த இரண்டு சட்டகங்களுக்கு இடையே கார்டு தானே ஒன்றைக் கணித்துச் செருகுவதுதான் ஃப்ரேம் ஜெனரேஷன். அசைவு வழவழப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் செருகப்பட்ட சட்டகத்துக்கு மவுஸ் அசைவு தெரியாது என்பதால் விளையாடுபவரின் கைக்கு அந்த வேகம் எட்டாது. அதற்கென்று கூடுதல் மெமரியும் தேவைப்படுகிறது. உங்கள் மகனுக்கு இது பிடித்துப்போகலாம். ரிசால்வின் ரெண்டர் நேரத்தில் இதனால் ஒரு நொடிகூடக் குறையாது.

சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை சட்டகம்) மட்டும் போட்டிருக்கும் ஒப்பீட்டைப் பார்க்கும்போது, அதன் பக்கத்தில் 1 விழுக்காட்டுத் தாழ்நிலை எண்ணும் (மிக மெதுவான 1 விழுக்காட்டுச் சட்டகங்களின் வேகம்) இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். ஒரு கார்டின் மெமரி நிரம்பும்போது சராசரி அவ்வளவாகக் குறையாது. ஆனால் ஆங்காங்கே ஒரு சட்டகம் மட்டும் பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு படம் திக்கும். அந்தத் திக்கலைச் சராசரி மறைத்துவிடும். தாழ்நிலை எண்தான் காட்டிக்கொடுக்கும். 2023-இலிருந்து வெளியான சில பெரிய கேம்களில் டெக்ஸ்சர் அளவை உச்சத்தில் வைத்தால், 8 ஜிபி கார்டுகளில் இதுதான் நடக்கிறது.

உங்கள் மதர்போர்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 4060 எட்டு லேன்களில் (தரவுப் பாதைகளில்) மட்டுமே மதர்போர்டோடு பேசுகிறது. 3060 பதினாறு லேன்களில் பேசுகிறது. உங்கள் பி450 பலகை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்பதால், 4060-க்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபியும், 3060-க்குச் சுமார் 16 ஜிபியும் கிடைக்கும். மெமரிக்குள் வேலை அடங்கும்வரை இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அடங்காமல் கணினியின் ரேமுக்கு வழிந்துவிட்டால், வழிந்த தரவு முழுவதும் இந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் போய்வர வேண்டும்.

பதில் 2: வண்ணமேசை

நான் சென்னையில் கலர் கிரேடிங் செய்கிறேன். நீங்கள் விவரித்த அந்த நெளியும் சரிகையை நானும் பல முறை பார்த்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஏன் மெமரியை விழுங்குகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 4கே சட்டகம் ஒன்றில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ரிசால்வ் ஒவ்வொரு பிக்சலின் ஒவ்வொரு நிறத்தையும் 32 பிட் தசம எண்ணாக, அதாவது 4 பைட்டாக வைத்துக் கணக்கிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம், ஆல்பா என நான்கு சேனல்களுக்குப் பிக்சலுக்கு 16 பைட் என்று கொண்டால், ஒரு சட்டகத்துக்கு மட்டும் சுமார் 133 எம்பி ஆகிறது. கேமராவிலிருந்து வந்த கோப்பு எவ்வளவு சிறிதாகச் சுருக்கப்பட்டிருந்தாலும், கார்டுக்குள் விரிந்த பிறகு அளவு இதுதான்.

இப்போது டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷனில் இருபுறமும் ஐந்து சட்டகங்கள் என்று வைத்தால், ஒரு சட்டகத்தைச் சுத்தம் செய்ய மொத்தம் 11 சட்டகங்கள் ஒரே நேரத்தில் கார்டின் மெமரியில் இருக்க வேண்டும். அதுவே ஏறக்குறைய 1.5 ஜிபி. அசைவைக் கணிக்கும் இடைக்காலப் பிரதிகள், ஸ்பேஷியல் நாய்ஸ் ரிடக்‌ஷன், அதற்கு மேலே நீங்கள் அடுக்கிய நோடுகள் (வண்ணத் திருத்தப் படிகள்), டீகோட் ஆகி (சுருக்கம் விரிந்து) காத்திருக்கும் சட்டகங்கள், விண்டோஸின் திரை ஆகிய எல்லாம் இதற்கு மேல் சேரும். உங்கள் 4 ஜிபி கார்டு 11 நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் என்றுதான் சொல்வேன். அந்தப் 11-ஆவது நிமிடத்தில் என்ன காட்சி இருந்தது என்று பாருங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனோடு டிரான்சிஷன் ஒன்றும் சேர்ந்து இரண்டு கிளிப்புகள் ஒரே நேரத்தில் ஓடும் இடமாக அது இருக்கக்கூடும்.

கேமில் மெமரி நிரம்பினால் படம் திக்கும், ஆனாலும் விளையாட்டு தொடரும். நம் வேலையில் மெமரி நிரம்பினால் ரெண்டரே நின்றுவிடுகிறது. ஆகவே மெமரிக்குள் அடங்கும் வேலையில் 4060 எனக்குப் பத்து நிமிடம் மிச்சப்படுத்தும் என்றாலும், அடங்காத ஒரே ஒரு முகூர்த்தக் காட்சிக்காக ஓர் இரவையே இழக்க நேரிடும். 4கே டைம்லைனும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் உங்கள் அன்றாட வேலை என்றால், நான் 12 ஜிபி கார்டின் பக்கமே நிற்பேன்.

ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவைப் பற்றியும் யோசியுங்கள். சோனி ஏ7 4 போன்ற கேமராக்களில் 10 பிட் 4:2:2 முறையில் (நிறத் தகவலை அதிகமாகச் சேமிக்கும் முறை) எடுக்கும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. அந்தக் கோப்புகளை வன்பொருளில் டீகோட் செய்யும் திறன் என்விடியாவின் 30 வரிசையிலும் இல்லை, 40 வரிசையிலும் இல்லை. 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் உள்ளமைந்த கிராபிக்ஸ் 4:2:2 எச்.265 கோப்புகளைக் கையாளும். உங்கள் ரைசன் 5 3600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. ஆகவே நீங்கள் எந்தக் கார்டை வாங்கினாலும், டைம்லைனில் கிளிப்பை ஓட்டும்போது பிராசஸர்தான் மூச்சிரைக்கும். அதைக் கார்டின் குறை என்று எண்ணிவிட வேண்டாம். டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்தில் ப்ராக்ஸி (எளிதாக ஓடும் மாற்றுப் பிரதி) உருவாக்கிக்கொண்டு எடிட் செய்துவிட்டு, கடைசி ரெண்டருக்கு மட்டும் அசல் கோப்புக்கு மாறுங்கள்.

4060 வாங்கச் சொல்பவர்கள் அதில் ஏவி1 என்கோடர் (ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தில் எழுதும் பகுதி) இருப்பதைச் சொல்வார்கள். அது உண்மையான வசதிதான். 3060 ஏவி1 கோப்பை ஓட்டிக் காட்டும், ஆனால் அந்த வடிவத்தில் எழுதாது. யூடியூபில் ஏற்றுபவருக்கும் நேரலை செய்பவருக்கும் இது பயன்படும். நாம் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதோ பெண் வீட்டுக்காரர் கூடத்தில் இருக்கும் ஏழெட்டு வருடத்து டிவியில் ஓட வேண்டும். அங்கே எச்.264 என்ற பழைய வடிவமே பாதுகாப்பு.

பதில் 3: மின்பொறியாளர்_மதுரை

மேலே எழுதிய இருவரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் யூபிஎஸ் எவ்வளவு? சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் என்றால், அது தரக்கூடியது 360 வாட் மட்டுமே.

3060-இன் மின்தேவை 170 வாட், 4060-இன் மின்தேவை 115 வாட். உங்கள் பிராசஸர் முழுச்சுமையில் 88 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ரேம், டிஸ்க்குகள், விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட் என்று வைப்போம். பவர் சப்ளை 85 விழுக்காடு திறனோடு வேலை செய்கிறது என்றால், 3060-உடன் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 362 வாட். மானிட்டருக்கு 30 வாட் சேர்த்தால் 392 வாட். இது யூபிஎஸ்ஸின் வரம்பைத் தாண்டிவிட்டது. 4060 என்றால் இதே கணக்கில் 328 வாட்தான், வரம்புக்குள் அடங்குகிறது. இப்போதுள்ள 1650 வெறும் 75 வாட் கார்டு என்பதால், இந்தச் சிக்கல் இதுவரை உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் முழுச்சுமையில் இயங்குவது அரிதுதான். ஆனால் 4:2:2 கோப்பைப் பிராசஸர் டீகோட் செய்ய, நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கார்டு செய்ய, ரெண்டர் ஓடும் நேரத்தில் துல்லியமாக அந்த நிலைதான் ஏற்படும். அந்த நேரத்தில் மின்சாரம் போய்ப் பேட்டரிக்கு மாறினால், யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு மொத்தக் கணினியையும் அணைத்துவிடும். மெமரிக்காக 3060 வாங்கி, மின்தடைக்கு ரெண்டரைப் பறிகொடுப்பதில் பொருளில்லை.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் 55 வாட். முழுச்சுமையில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 0.44 யூனிட்; வருடத்தில் 300 நாள் என்றால் 132 யூனிட். இதை உங்கள் இணைப்புக்கான விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிய தொகை வராது. யூபிஎஸ்தான் இங்கே முக்கியம்.

பதில் 4: முப்பரிமாணம்

நான் 4060 வைத்திருக்கிறேன். அந்தக் கார்டுக்கு ஆதரவாகவும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சினில், என்விடியாவின் ஆப்டிக்ஸ் முறையில் ரெண்டர் செய்யும்போது, மெமரிக்குள் அடங்கும் காட்சிகளில் 4060 தெளிவாக முந்துகிறது. அதில் ஒளிக்கதிரைக் கணக்கிடும் ரே டிரேசிங் கோர்கள் 24தான், 3060-இல் 28 உண்டு. ஆனால் 4060-இல் இருப்பவை மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவை. மணமக்கள் பெயரைத் தங்க எழுத்தில் சுழற்றும் டைட்டில் போன்ற காட்சிக்கு 8 ஜிபி தாராளம். மெமரி நிரம்பினாலும் சைக்கிள்ஸ் கணினியின் ரேமைக் கடன் வாங்கி, வேகம் குறைந்தாவது வேலையை முடித்துவிடும். மேலும் நான் இருக்கும் அறையில் ஏசி இல்லை. 115 வாட் வெப்பத்துக்கும் 170 வாட் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் சித்திரை மாதத்தில் முதுகில் தெரியும்.

ஈரோட்டு நண்பர் 4கேயில் எடுத்தாலும் 1080பியில்தான் கொடுக்கிறார் என்றால், டைம்லைனையே 1080பியாக வைத்துப் பார்க்கலாமே? சட்டகத்தின் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, வண்ணமேசை சொன்ன 133 எம்பி 33 எம்பி ஆகிவிடும். அப்போது 8 ஜிபி போதாது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பதில் 5: மொழிக்கருவி

கேட்டவருக்கு நேரடியாகத் தேவைப்படாது என்றாலும், இந்த இரண்டு கார்டுகளையும் ஒப்பிட்டுப் படிக்க வருபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். சாட்பாட் போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டுவதில், மெமரி நிரம்பாத நிலையிலும் 3060 முந்துகிறது. ஒவ்வொரு சொல்துண்டை (டோக்கன்) உருவாக்கும்போதும் மாதிரி முழுவதையும் மெமரியிலிருந்து ஒரு முறை படித்தாக வேண்டும். அவ்வளவு பெரிய தரவுக்கு 24 எம்பி கேஷ் உதவாது. 4 பிட்டுக்குச் சுருக்கிய லாமா 2 7பி (700 கோடி அளபுருக்கள் கொண்ட) மாதிரி சுமார் 4.1 ஜிபி. 360-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 88 சொல்துண்டுகளும், 272-ஐ வகுத்தால் 66-உம் வருகின்றன. இவை கொள்கையளவிலான உச்ச வரம்புகள், நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் விகிதம் ஏறக்குறைய இதுவே. 13பி மாதிரியோ இதே சுருக்கத்தில் 7.9 ஜிபி. அது 12 ஜிபியில் உட்காரும், 8 ஜிபியில் உட்காராது.

ஈரோடு_எடிட்டர்

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பெருந்துறையில் இருக்கும் நண்பரின் ஸ்டூடியோவுக்கு அந்த முகூர்த்த ப்ராஜெக்டை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துச் சென்றேன். அவரிடம் 12 ஜிபி 3060 இருக்கிறது. நின்றுபோன அதே இடத்தை ரெண்டர் செய்தபோது தடையின்றி முடிந்தது. டாஸ்க் மேனேஜரில் கார்டின் தனி மெமரி 9 ஜிபியைத் தாண்டி ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். வண்ணமேசை ஐயா சொன்னபடி 11-ஆவது நிமிடத்தில் ஒரு டிசால்வ் (ஒரு காட்சி மறைய அடுத்தது தோன்றும் டிரான்சிஷன்) இருந்தது. இரண்டு கிளிப்புகளிலும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருந்தேன்.

முப்பரிமாணம் அவர்கள் சொன்ன 1080பி யோசனை நல்லதுதான். ஆனால் கடந்த ஒரு வருடமாக 4கேயில் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறேன். யூபிஎஸ் 600 விஏதான். மின்பொறியாளர் அவர்கள் கணித்தது அப்படியே பொருந்துகிறது. 9 ஜிபி ஏறியதைப் பார்த்த பிறகு 3060 என்று மனம் சொல்கிறது. யூபிஎஸ்ஸை மாற்றாமல் சமாளிக்க முடியுமா?

வண்ணமேசை

9 ஜிபி என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இடம் இருந்தால் ரிசால்வ் தாராளமாக எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதெல்லாம் இன்றியமையாதது என்று பொருளில்லை. 12 ஜிபி கார்டில் 9 ஜிபி காட்டிய ப்ராஜெக்ட், 8 ஜிபி கார்டில் சற்று நெருக்கிக்கொண்டு முடிந்துவிடவும் கூடும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், 8 ஜிபி கார்டு உள்ள கணினி ஒன்றிலும் அதே இடத்தை ரெண்டர் செய்து பாருங்கள். அதற்கு வாய்ப்பில்லை என்றால் 3060-ஐத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் இரண்டு கிளிப்புகளுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு டிசால்வ் செய்வது உங்கள் வழக்கம் என்று தெரிகிறது. அந்த டிசால்வை நான் பார்த்திருந்தால், இரண்டு கிளிப்புகளையும் தனித்தனியாக நாய்ஸ் நீக்கி ரெண்டர் செய்து, கிடைத்த கோப்புகளை டைம்லைனில் வைத்திருப்பேன். புதிய கார்டு வரும்வரை உங்கள் 4 ஜிபி கார்டிலேயே, இருபுறச் சட்டகங்களை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்து, இந்த முறையில் வேலையை ஓட்டலாம்.

மின்பொறியாளர்_மதுரை

சமாளிக்கலாம். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட் என்ற அளவுகோலை 75 விழுக்காட்டுக்கு இறக்கினால், 3060 சுமார் 128 வாட்டுக்குள் நிற்கும். மேலே போட்ட கணக்கில் இதை வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 343 வாட். யூபிஎஸ்ஸின் 360 வாட்டுக்குள் வந்துவிடுகிறது. மின்சாரத்தைக் கால் பங்கு குறைத்தால் வேகமும் கால் பங்கு குறையும் என்று அஞ்ச வேண்டாம். உச்ச வேகத்தின் கடைசிப் படிக்குத்தான் கார்டு மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிறது என்பதால், வேக இழப்பு அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். ஆனால் பழைய பேட்டரி 360 வாட்டை நீண்ட நேரம் தாங்காது. கார்டைப் பொருத்தியதும், முக்கியமில்லாத ரெண்டர் ஒன்றை ஓடவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கை நீங்களே சுவரிலிருந்து உருவிப் பாருங்கள். மானிட்டரை யூபிஎஸ்ஸிலிருந்து விலக்கிச் சுவரில் மாட்டினால் இன்னும் 30 வாட் மிச்சம்; ரெண்டர் ஓடுவதற்கு மானிட்டர் எரிய வேண்டியதில்லை.

பிக்சல்_கணக்கு

3060 என்று முடிவாகிவிட்டால், பெட்டியின் மீது 12 ஜிபி என்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். 2022-இன் பிற்பகுதியில் இதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் சந்தைக்கு வந்தது. அதில் மெமரிப் பாதை 128 பிட், பேண்ட்விட்த் நொடிக்கு 240 ஜிபி. கோர் எண்ணிக்கையும் பெயரும் ஒன்றாகவே இருப்பதால் ஏமாறுவது எளிது. அது கேம்களிலும் 12 ஜிபி வகையைவிட மெதுவாகவே ஓடுகிறது. உங்கள் வேலைக்கோ முற்றிலும் பயனற்றது. அதை வாங்குவதற்கு 4060 எவ்வளவோ மேல்.

விலை குறைவு என்று யாராவது பயன்படுத்திய 3060-ஐக் காட்டினால், அது எங்கே ஓடியது என்று கேளுங்கள். 2021-இல் வந்தபோது எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்கைக் கட்டுப்படுத்தும் பூட்டோடுதான் அதை வெளியிட்டார்கள், ஆனாலும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் உண்டு. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, அப்படிப்பட்ட கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. இரவெல்லாம் ரெண்டர் ஓட வேண்டிய உங்களுக்கு வாரண்டி உள்ள புதிய கார்டே பொருத்தம். கடையில் வாங்கும்போதே பில்லில் மாடல் பெயரோடு 12 ஜிபி என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பொருத்தியதும், ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து மெமரி 12288 எம்பி, பஸ் அகலம் 192 பிட் என்று இருப்பதைப் பார்த்த பிறகு பெட்டியைப் பரணில் ஏற்றுங்கள்.